வீடு பார்க்க வருகிறவர்கள்

அம்மா வீடு பார்க்கப் போனால் முகப்பைப் பார்க்க மாட்டாள். நேராகக் கிணற்றடிக்குப் போவாள். கயிறு எவ்வளவு தேய்ந்திருக்கிறது, துவைக்கிற கல்லைச் சுற்றிப் பாசி இருக்கிறதா, கொட்டுகிற தண்ணீர் எந்தப் பக்கமாக ஓடுகிறது என்று பார்ப்பாள். அடுத்தது கொல்லைக் கக்கூஸ். கடைசியாகத்தான் எங்களுக்குத் தருவதாகச் சொல்லும் அறை. அங்கே சுவரும் தரையும் சேருகிற மூலையில் குனிந்து உள்ளங்கையை வைப்பாள். சில்லென்று இருந்தால் எழுந்து அப்பாவை ஒரு பார்வை பார்ப்பாள். ஓதம் என்று அர்த்தம். "யோசிச்சுச் சொல்றோம்" என்று அப்பா வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொள்வார்.

1974 கோடையில் திருவல்லிக்கேணியில் இப்படி 11 வீடு பார்த்தோம். எனக்கு 9 வயது. அண்ணனுக்கு 12. அப்பா மவுண்ட் ரோடு பக்கம் ஒரு அச்சகத்தில் கம்பாசிட்டர். ராத்திரி ஷிப்ட் முடிந்து நடந்தே வந்துவிடும் தூரத்தில் வீடு வேண்டும் என்பதால் திருவல்லிக்கேணியை விட்டு வேறு எங்கும் தேடவில்லை. தூணில் சிலேட்டுப் பலகை தொங்கினால் அங்கே இடம் காலி. சிலேட்டில் எழுதியதை மழை அழித்திருந்தாலும், சிலேட்டு தொங்குவதே போதும், உள்ளே போய்க் கேட்கலாம்.

பன்னிரண்டாவது வீட்டில் அம்மா மூலையில் கையை வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். பிறகு மொட்டை மாடியைப் பார்த்தபடி, "துணி காயப்போட எடம் உண்டுங்களா?" என்று கேட்டாள். வீட்டுக்காரம்மா மாடிக்கு அழைத்துப் போய்க் காட்டினார். ஏழு கொடிகள். குடித்தனத்துக்கு ஒன்று. எங்கள் கொடி தெற்கு ஓரம். 60 ரூபாய் வாடகை, விளக்கு ஒன்றுக்கு மாதம் 3 ரூபாய் தனி. அன்றே முடிவாகிவிட்டது.

வெளியே இருந்து பார்த்தால் அந்த வீட்டில் விசேஷமாக எதுவும் இல்லை. நெட்டுக்குத்தாக இரண்டு தூண், இரண்டு பக்கமும் திண்ணை, ரேழி, முற்றம், அதைச் சுற்றி ஏழு போர்ஷன்கள். ஒண்டுக்குடித்தனம் என்ற சொல்லிலேயே ஒண்டிக்கொள்வது இருக்கிறது. இடம் அவ்வளவுதான். மேலே மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்தரங்களின் மேல் செங்கற்களைக் குறுக்காக நிறுத்திச் சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய தளம். கத்திரி வெயிலிலும் கூடத்தில் படுத்தால் தூக்கம் வரும். நாங்கள் அதில் 9 வருஷம் இருந்தோம். நான் பத்தாவது, பன்னிரண்டாவது தேறியது, அண்ணன் துபாய்க்கு விமானம் ஏறியது எல்லாம் அங்கிருந்துதான்.

அந்த வீட்டைப் பற்றி நினைத்தால் எனக்கு முதலில் வருவது வாசனை. மார்கழிக் கடைசியில், போகிக்கு நாலைந்து நாள் முன்பு, முற்றத்தில் பாதியாக வெட்டிய பீப்பாய் வந்து உட்காரும். கிளிஞ்சல் சுண்ணாம்பைக் கொட்டித் தண்ணீர் ஊற்றுவார்கள். அது கொதிக்கிற சத்தம் கேட்டுப் பிள்ளைகள் எல்லாரும் ஓடிவருவோம். "கிட்ட வராதீங்க, கண்ணு போயிடும்" என்று வீட்டுக்காரம்மா கையில் விசிறியோடு குறுக்கே நிற்பார். ராத்திரி முழுக்க நீற வைத்து, காலையில் பழைய வேட்டியில் வடிகட்டி, காய்ச்சிய வச்சிரமும் ஒரு சிட்டிகை நீலமும் கலப்பார்கள். ஏழு குடித்தனத்துச் சாமானும் திண்ணைக்கும் தெருவுக்கும் வந்துவிடும். அவரவர் டிரங்குப் பெட்டி, அவரவர் அடுப்பு, அவரவர் சாமி படம். நார் மட்டையில் முக்கி அடித்ததும் சுவர் வெறும் ஈரமாகத்தான் தெரியும். அடித்ததே தெரியாது. மதியம் காயக் காய வெளுக்கும். சாயங்காலம் நாங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போது அதே வீடு வேறு வீடாக இருக்கும்.

சுண்ணாம்பின் அருமை எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் புரிந்தது. அது சுவரின் மேல் படிந்த தோல் இல்லை. காற்றில் இருக்கிற கரியமில வாயுவை இழுத்து மறுபடி கல்லாகிறது. அதன் வழியாக ஈரம் வெளியே போகும். அதன் காரத்தில் பூஞ்சை பிடிக்காது. வங்கக் கடலிலிருந்து அரை மைல் தள்ளி, உப்புக்காற்றில், கிணற்றடி ஈரத்தில் 70, 80 வருஷம் நின்ற சுவர்களை அந்த வருஷாந்தர வெள்ளைதான் காப்பாற்றியது.

வீட்டுக்காரம்மாவுக்கு அந்த ஏழு வாடகையைத் தவிர வேறு வருமானம் கிடையாது. கணவர் காலமாகியிருந்தார். பக்கத்து வீடுகளில் நிலைமை வேறு. 1960ஆம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் குடித்தனக்காரர்களுக்குப் பெரிய பாதுகாப்பு. நினைத்தபோது காலி செய்யச் சொல்ல முடியாது, நியாய வாடகைக்கு மேல் கேட்க முடியாது. அது இல்லாமல் எங்களைப் போன்ற குடும்பங்கள் நகரத்தின் நடுவில் வாழ்ந்திருக்கவே முடியாது. இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் 20 வருஷம் முந்தைய வாடகையே வந்துகொண்டிருந்த வீட்டுக்காரர்களில் பலர் வீட்டைக் கைவிட்டார்கள். காரை பெயர்ந்தாலும் பூச மாட்டார்கள். உத்தரத்தில் கரையான் ஏறினாலும் பார்க்க மாட்டார்கள். வீடு விழுந்தால் மனை தேறும் என்று காத்திருந்தவர்களையும் எங்கள் தெருவில் பார்த்திருக்கிறேன். வீட்டுக்காரர் தன் செலவில் வீட்டை மேம்படுத்தினால் நியாய வாடகையைக் கூட்டிக் கேட்க அந்தச் சட்டத்திலேயே இடம் இருந்தது. பலருக்கு அது தெரியாது, தெரிந்தாலும் கோர்ட்டுப் படி ஏறத் தெம்பு கிடையாது.

எங்கள் வீட்டுக்காரம்மா அந்த வழிக்கும் போகவில்லை, கைவிடவும் இல்லை. வருஷா வருஷம் வெள்ளையடித்தார். ஒருமுறை அம்மா கேட்டாள், "எதுக்கும்மா உங்களுக்கு இந்தச் செலவு? வாடகை ஏறப்போறதா என்ன?" அவர் சொன்னது எனக்கு அப்படியே நினைவில் இருக்கிறது. "காலி ஆன எடத்துல எலி வருது. சுத்தமா இருந்தா நீங்க போகமாட்டீங்க." அவ்வளவுதான். ஒன்பது வருஷத்தில் அந்தச் சிலேட்டு தூணில் தொங்கியது மூன்று தடவை. ஒவ்வொரு தடவையும் ஒரு வாரத்துக்குள் இறங்கிவிட்டது.

வாசல் கோலம் ஏழு குடித்தனத்துக்கும் முறை. திங்கள் முதல் போர்ஷன், செவ்வாய் இரண்டாவது என்று போகும். எங்களுக்கு வியாழன். வீட்டுக்காரம்மா போட மாட்டார். "வாசல் உங்களுது" என்பார். புதன்கிழமை ராத்திரி அம்மா நோட்டில் புள்ளி வைத்துப் பார்ப்பாள். வாடகைக்கு ஒரே ஓர் அறையில் இருக்கிற பெண்ணுக்கு வாரத்தில் ஒரு நாள் அந்தப் பெரிய வாசல் முழுக்கச் சொந்தம்.

1983இல் நங்கநல்லூரில் சொந்த மனையில் குடியேறினோம். அப்போது அங்கே மண் ரோடு. கிணறு தோண்டினால் 28 அடியில் நல்ல தண்ணீர். 1995இல் அண்ணன் அனுப்பிய பணத்திலும் வங்கிக் கடனிலும் அந்த மனையில் தரைத்தளமும் முதல் தளமும் இரண்டாம் தளமுமாக ஆறு வீடு கட்டினார் அப்பா. கிணற்றை மூடவில்லை. தெருவை ஒட்டி மேற்குப் பக்கம் ஒரு புங்கங்கன்று வைத்தார். முகப்பு சாதாரண சிமெண்ட் பூச்சு, மேலே ஸ்னோசெம். ஆறு வீட்டுக்கும் அன்றைய நிலவரப்படி வாடகை வந்தது, குறையில்லை.

அந்த மனையின் மதிப்பு உண்மையில் எப்போது ஏறியது என்று கேட்டால், எங்கள் கட்டடத்தில் ஒரு செங்கல்கூட மாறாத போதுதான் என்பேன். நங்கநல்லூர் அப்போது ஆலந்தூர் நகராட்சி. எல்லா வீட்டிலும் செப்டிக் டேங்க். நிறைந்தால் லாரி. மழைக்காலத்தில் தெருவே நாறும். பாதாளச் சாக்கடைக்கு நகராட்சி மக்களிடமே முன்பணம் கேட்டது. ஒரு வீட்டு இணைப்புக்கு 5,000 ரூபாய். நாட்டிலேயே பேசப்பட்ட திட்டம் அது. பக்கத்து வீடுகளில், கட்டலாமா வேண்டாமா, கட்டினால் வேலை நடக்குமா என்று மாசக்கணக்கில் பேச்சு. அப்பா முதல் ஆட்களில் ஒருவராகப் போய்க் கட்டி ரசீதைப் பூஜை அறையில் வைத்தார். சாக்கடை வந்த பிறகு எங்கள் தெருவுக்குக் குடிவர ஆசைப்பட்டவர்கள் கூடினார்கள். 2011இல் நகராட்சி சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. 2016 செப்டம்பரில் விமான நிலையம் வரை மெட்ரோ ரயில் ஓட ஆரம்பித்து நங்கநல்லூர் ரோடு நிலையம் திறந்தது. வாடகை வீட்டை அழகுபடுத்துவதைப் பற்றி யார் என்னிடம் கேட்டாலும் முதலில் தெருவைப் பாருங்கள் என்றுதான் சொல்கிறேன். வாசலுக்கு வெளியே இருக்கிற விளக்குக் கம்பத்தில் பல்பு எரியவில்லை என்றால் மாநகராட்சிக்குப் புகார் கொடுப்பதும் வீட்டுப் பராமரிப்புதான்.

அப்பா 2009இல் போனார். அண்ணன் வெளிநாட்டில். வங்கியில் குமாஸ்தாவாக இருந்த நான் மாலை நேரங்களில் கட்டடத்தைப் பார்த்துக்கொண்டேன். அதே தெருவில் புதிய அடுக்ககங்கள் வந்திருந்தன. கண்ணாடி, கிரானைட், ராத்திரியில் முகப்புக்குக் கீழிருந்து அடிக்கிற விளக்கு. எங்கள் கட்டடம் அவற்றின் நடுவே மங்கலாகத் தெரிந்தது. வீடு பார்க்க வந்த ஒருவர் தெருவிலிருந்தே திரும்பிப் போனதை ஜன்னலிலிருந்து பார்த்தேன். அது மனதில் தைத்துவிட்டது. எலிவேஷனை மாற்றிவிடுவது என்று முடிவு செய்தேன்.

2012இல் செலவு 6,80,000 ரூபாய். முகப்புக்கு அலுமினியத் தகடு, தரைத்தளத்துக்கு கிரானைட், ஏழடி மதில், கேட்டிலிருந்து படி வரை வழவழப்பான டைல்ஸ். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது, ஒவ்வொன்றும் எனக்கு அப்போது நியாயமாகப் பட்டது. மொட்டை மாடித் தண்ணீரைக் கிணற்றில் விடுகிற பிவிசி குழாய், 2003இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது அப்பா போட்டது, முகப்பில் நீளமாகத் தெரிந்தது. எடுத்துத் தெருவுக்குத் திருப்பினார்கள். கிணற்றின் மேல் தளம் போட்டு டைல்ஸ் ஒட்டினால் ஒரு கார் நிறுத்தலாம் என்றார்கள், ஒட்டினார்கள். புங்க மரம் 17 வருஷத்து மரம், இரண்டாம் தளம் வரை வளர்ந்து முகப்பை மறைத்தது. அதையும் வெட்டினார்கள். வெட்டிய அன்று தரைத்தளத்தில் குடியிருந்த ஆசிரியை பள்ளிக்கூடம் விட்டு வந்து, கேட்டருகே பையைத் தோளிலிருந்து இறக்காமல் கொஞ்ச நேரம் நின்றார். என்னிடம் எதுவும் சொல்லவில்லை. அந்த நிற்பை நான் இன்றைக்கும் மறக்கவில்லை.

வாடகை 9,500லிருந்து 11,500 ஆனது. முதல் வருஷம் எல்லாரும் தந்தார்கள். அடுத்த கோடையில் முதல் தளத்து முன் வீடு காலியானது. மேற்கு வெயில் நேரே சுவரில் விழுந்து ராத்திரி 12 மணிக்கும் அறை கொதிக்கிறது, ஏசி கரண்டு பில் தாங்கவில்லை என்றார்கள். அடுத்து ஆசிரியை. ஆறு வருஷம் இருந்தவர். சாவி தரும்போது நான் காரணம் கேட்டேன். மாடியில் நான் கொடி கட்டக் கூடாது என்று தடுத்திருந்தேன், கீழிருந்து பார்த்தால் துணி தெரிகிறது என்பதற்காக. "குழந்தைத் துணியெல்லாம் ரூமுக்குள்ளயே காயப்போட்டா சளி விடவே மாட்டேங்குது மேடம்" என்றார். என் அம்மா ஒரு கொடிக்காக வீடு பிடித்தவள். அவள் மகள் நான் ஒரு கொடிக்காக நல்ல குடித்தனத்தை இழந்தேன்.

வங்கியில் இருந்தவள் என்பதால் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வீட்டுக்கு 2,000 வீதம் ஆறு வீட்டுக்கும் கூடிய வாடகை, எல்லாம் நிறைந்திருந்தால் வருஷத்துக்கு 1,44,000. அடுத்த ஒன்றரை வருஷத்தில் மூன்று வீடுகள் மாறி மாறிக் காலியாகக் கிடந்தது மொத்தம் 11 மாதம். அதில் போனது 1,26,500. ஒவ்வொரு முறை ஆள் மாறும்போதும் உள்ளே பெயிண்ட், குழாய், பூட்டு என்று 18,000 வீதம் 54,000. ஆக 1,80,500. போட்ட 6,80,000க்கு வட்டியைச் சேர்க்கவே இல்லை. வாடகை வீட்டின் வருமானத்தைத் தின்பது காலி மாதங்கள்தான். "சுத்தமா இருந்தா நீங்க போகமாட்டீங்க" என்று படிப்பில்லாத ஓர் அம்மா 1970களில் சொன்ன கணக்கு இதேதான்.

2015 டிசம்பர் மழையில் தெருவில் முழங்கால் தண்ணீர். எங்கள் மனைக்குள் விழுந்த மழைக்கும் போக மண் இல்லை. டைல்ஸ் மேல் வழுக்கிக்கொண்டு தரைத்தளத்துக்குள் போனது. மீட்டர் பெட்டிகள் தாழ்வாக இருந்ததால் மூன்று நாள் கரண்டு கிடையாது. 2019 ஜூனில் இதற்கு நேர் எதிர். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு கிடந்தன. எங்கள் போர்வெல்லில் காற்றுதான் வந்தது. லாரிக்குப் பதிவு செய்துவிட்டு வாரக்கணக்கில் காத்திருந்தோம். இரண்டாம் தளத்துப் பாட்டி ஒரு குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு படியேறுவதைப் பார்த்தேன். டைல்ஸ் தளத்தின் மேல், மூடிய கிணற்றின் மேல்தான் அவர் நடந்து வந்தார்.

அந்த வாரமே ஆள் வைத்துத் தளத்தை உடைத்தோம். உள்ளே கிணறு அப்படியே இருந்தது. வறண்டிருந்தது. தூர் வாரி, மொட்டை மாடித் தண்ணீரை வடிகட்டித் தொட்டி வழியாக மறுபடி அதில் இறக்கினோம். இந்த முறையும் குழாய் முகப்பில்தான் வருகிறது. அதை மறைக்கவில்லை. ஐப்பசி மழையில் கிணற்றில் தண்ணீர் நின்றது. எட்டிப் பார்க்க ஆறு வீட்டுப் பிள்ளைகளும் கம்பி வலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

அடுத்தது ஓதம். தரைத்தளத்து இரண்டு வீட்டிலும் கிரானைட்டுக்குப் பின்னால் ஈரம் மாட்டிக்கொண்டு உள்பக்கமாக வந்திருந்தது. பட்டி பார்த்து எமல்ஷன் அடித்தால் ஒரு பருவத்துக்கு நன்றாக இருக்கும். பிறகு கொப்புளம் போடும், தொட்டால் உப்பு மாவாக உதிரும். மூன்று முறை அடித்து மூன்று முறையும் அதே கதை. திண்டிவனம் பக்கத்து வயதான கொத்தனார் ஒருவர் வந்து நகத்தால் சுரண்டிப் பார்த்தார். "பட்டி மேல பட்டி போட்டுக்கினே இருந்தா ஆவாதும்மா. செவுரு மூச்சு விடணும். தோலை உரிச்சிட்டு ஒரு கோடை வெயில் காட்டுங்க. அதுக்கு முன்னால தண்ணி எங்கேருந்து வருதுன்னு பாருங்க" என்றார். குளியலறைக்கு அடியில் ஒரு குழாய் இணைப்பு ஒழுகிக்கொண்டிருந்தது. அதைச் சரிசெய்து, கிரானைட்டைக் கழற்றி, உள்ளே மூன்றடி உயரம் வரை காரையை எடுத்துவிட்டு, பங்குனி முதல் ஆனி வரை அந்தச் சுவரைத் திறந்தே போட்டோம். அந்த நாலு மாதமும் அந்த இரண்டு வீட்டுக்கும் பாதி வாடகைதான் வாங்கினேன். பிறகு சுண்ணாம்புப் பூச்சு, சுண்ணாம்பு வெள்ளை. கொத்தனார் மட்டையை முக்கி முதல் வீச்சு வீசியபோது சுவர் வெறும் ஈரமாகத் தெரிந்தது. தரைத்தளத்துப் பெண், "என்ன ஆன்ட்டி, ஒண்ணுமே தெரியலையே" என்றாள். "சாயங்காலம் வந்து பாரு" என்றேன். என் குரல் உடைந்துவிட்டது. காரணம் அவளுக்குத் தெரியாது.

மற்ற வேலைகளைச் சுருக்கமாகவே சொல்லலாம். மீட்டர்களை ஆளுயரத்துக்கு ஏற்றினோம். மோட்டாரை யார் போடுவது, யார் அணைப்பது என்று வீடுகளுக்குள் நடந்த சண்டை, தொட்டி நிறைந்தால் தானே நிற்கிற மிதவை சுவிட்சு போட்டதோடு தீர்ந்தது. மதிலை நாலடியாகக் குறைத்தோம். உள்ளே இருப்பவருக்குத் தெரு தெரிய வேண்டும், தெருவுக்கு உள்ளே இருப்பவர் தெரிய வேண்டும், திருடனுக்குப் பயம் அதுதான். படிக்கட்டில் ஒவ்வொரு திருப்பத்திலும் விளக்கு. மொட்டை மாடியில் ஆறு கொடி.

இதையெல்லாம் விட ஒன்று இருக்கிறது. கேட்டில் 'சைவம் மட்டும்' என்று ஒரு பலகை எங்கள் வீட்டிலும் தொங்கியது. தனியாக வேலை பார்க்கிற பெண்களுக்கு இல்லை, கல்யாணமாகாத பையன்களுக்கு இல்லை என்று தரகரிடம் வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தேன். ஊர் வழக்கம் என்று நினைத்துக்கொண்டேன். ஒருநாள் ஓர் இளம்பெண் தன் அம்மாவோடு வந்து, வண்டியை நிறுத்தி, அந்தப் பலகையைப் படித்துவிட்டு, இறங்காமலே திரும்பினாள். தாயின் முகத்தை மட்டும் பார்த்தேன். 1974இல் அந்த 11 வீடுகளில் எத்தனை வீட்டில் 'நீங்க என்ன ஆளுங்க' என்று கேட்டார்கள், அப்பா எத்தனை வீட்டில் பதில் சொல்லாமல் வெளியே வந்தார் என்பது எனக்குத் தெரியும். ஒரு முகப்பில் இதைவிட அசிங்கமான பொருள் இருக்க முடியாது. பலகையைக் கழற்றிவிட்டோம். அந்தப் பெண்ணைத் தேடிப்பிடிக்க முடியவில்லை. இப்போது இரண்டாம் தளத்தில் மூன்று நர்சுகள் சேர்ந்து இருக்கிறார்கள். ராத்திரி ஷிப்ட் முடிந்து காலையில் வரும்போது படிக்கட்டில் காலணியைக் கையில் எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் ஏறுவார்கள். அப்பாவும் அப்படித்தான் ஏறுவார்.

சட்டமும் மாறிவிட்டது. 1960ஆம் வருஷத்துச் சட்டத்தின் இடத்தில் 2017ஆம் வருஷத்துச் சட்டம், 2019 பிப்ரவரி 22 முதல். வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டுப் பதிய வேண்டும். வேறு உடன்பாடு இல்லாவிட்டால் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் என்பது பழகிப்போன ஒன்று. புதிதாகக் கல்யாணமானவர்கள் நகையை அடகு வைத்து அட்வான்ஸ் கட்டியதை என் வங்கிக் கவுன்ட்டரிலேயே பார்த்திருக்கிறேன். நான் மூன்று மாதத்துக்கு வந்துவிட்டேன். அந்தச் சட்டத்தின் இணைப்பில் யார் எதைச் சரிசெய்ய வேண்டும் என்று பட்டியலே இருக்கிறது. குழாய் வாஷரும் சுவிட்சும் குடியிருப்பவர் பொறுப்பு. சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு ஜன்னலுக்கு வண்ணம் பூசுவதும் வீட்டுக்காரர் பொறுப்பு. அந்த வரியைப் படித்தபோது முற்றத்துப் பீப்பாயும் விசிறியும் கண்முன் வந்தன. எந்தச் சட்டமும் சொல்லாமல் அந்த வீட்டுக்காரம்மா செய்தது அது.

அலுமினியத் தகட்டை இன்னும் முழுக்க எடுக்கவில்லை. எடுப்பதற்கும் பணம் வேண்டும். மேற்கில் மறுபடி ஒரு புங்கம் வைத்திருக்கிறோம், இப்போது முதல் தளத்து ஜன்னலைத் தொட்டிருக்கிறது. இன்னும் சில வருஷத்தில் அது தகட்டை மறைத்துவிடும்.

2020இலிருந்து இதுவரை இரண்டே முறைதான் வீடு காலியானது. கடைசியாகக் காலியானது போன மாதம். அதைப் பார்க்க ஒரு கணவன் மனைவி வந்தார்கள். அவன் போனில் படம் எடுத்துக்கொண்டே போனான். அவள் குளியலறைக் குழாயைத் திறந்து மூடினாள், சமையலறை ஜன்னலைத் திறந்தாள், பிறகு என்னைப் பார்த்து, "மாடியில துணி காயப்போடலாமா ஆன்ட்டி?" என்றாள். நான் அவளை மாடிக்கு அழைத்துப் போனேன். தெற்கு ஓரத்துக் கொடி காலியாக இருந்தது.

இறங்கி வரும்போது கேட்டருகே நின்றாள். வழவழப்பு டைல்ஸில் கோலமாவு நிற்காது, தண்ணீர் தெளித்தால் வழுக்கும் என்பதால் அங்கே டைல்ஸைப் பெயர்த்துவிட்டுச் சொரசொரப்பான கடப்பாக்கல் போட்டிருக்கிறோம். அன்று காலையில் போட்ட கோலம் பாதி அழிந்து கிடந்தது.

"இங்க கோலம் யார் போடுவாங்க?"

"வீட்டுக்கு ஒரு நாள்மா. நர்சு பொண்ணுங்களுக்கு வெள்ளி. வியாழன் முன்வீட்டுக்காரங்க. உனக்கு முன்னால இருந்தவங்களோட செவ்வாய் இப்போ காலி."

"செவ்வாய் எனக்குச் சரி" என்று விரல்விட்டு எண்ணினாள். "ஆறு வீடுதானே ஆன்ட்டி இருக்கு? அப்போ ஞாயித்துக்கிழமை?"

ஞாயிற்றுக்கிழமை கிணற்றையும் தொட்டியையும் பார்க்க நான் விடியற்காலையில் வருகிறேன். பையில் கோலமாவு டப்பா இருக்கும்.